ஏரி யாருடையது?

கடந்த தவணை விடுமுறையின்போது பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். கல்வியை முடித்துச் சில ஆண்டுகள் வேலையின்றி அலைந்தவன். இப்பொழுது உல்லாசப் பிரயாணத் துறையில் ஒரு சிறு தொழிலைத் தொடங்க முயல்பவன். அவன் கையில், வழவழப்பான தாளிற் பல வர்ணங்களில் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்றிருந்தது. மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டின் அத்தித்லான் ஏரியில், வெளிநாட்டாரைப் படகேற்றிச் சென்று 'லாஜ் மவுத் பாஸ்' என்னும் மீனைத் தூண்டிலிற் பிடிக்கச் செய்யும் பயணங்களுக்கான விளம்பரம் அது. எரிமலைகளின் நிழலில் நீலநிற நீர். சிரித்த முகத்தோடு மீனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் விருந்தாளி. அவனருகே, படத்தின் ஓரத்தில் அரைவாசி மறைந்தபடி, உள்ளூர் வழிகாட்டி.

"சேர், இதை நல்ல தமிழிலை எழுதித் தாருங்கோ. இப்பிடி ஒரு திட்டத்தை எங்கட குளங்களுக்கும் போடலாம் எண்டு நினைக்கிறன். அந்த மீனைக் கொண்டுவந்து விட்டாக் காணும், வெள்ளைக்காரர் தேடி வருவினம்" என்றான் அவன்.

பிரசுரத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு வாரங்களாக அது என் மேசையிற் கிடந்தது. ஒரு வரியேனும் மொழிபெயர்க்க முடியவில்லை. காரணம் சொற்பஞ்சமன்று. 'அனுபவமிக்க உள்ளூர் வழிகாட்டி' என்று எழுதத் தமிழிற் சொற்கள் உண்டு. ஆனால், அந்த வழிகாட்டி யார், அவனுடைய பாட்டன் அதே ஏரியில் என்ன தொழில் செய்தான், அத்தொழில் எங்கே போயிற்று என்னும் வினாக்களுக்குப் பிரசுரத்தில் விடையில்லை. விடையைத் தேடி அறிந்தபின், அதனை மொழிபெயர்ப்பது ஒரு பொய்க்குத் துணைபோவதாகும் என்றே எனக்குப் பட்டது. ஆகவே மொழிபெயர்ப்புக்குப் பதிலாக இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். தூண்டில் போடுவது குற்றமென்று நான் வாதிடவில்லை. உழைத்துக் களைத்தவன் ஓய்வுநாளில் ஒரு நீர்நிலையின் கரையில் அமர்ந்து தூண்டிலை எறிந்து காத்திருப்பதில் உள்ள இன்பத்தை மறுப்பவன் மனிதரை அறியாதவன். பாஸ் மீனோடும் எனக்குப் பகையில்லை. அது வட அமெரிக்காவின் கிழக்குப் பாதிக்கு உரியது. பேரேரிகளிலிருந்து மிசிசிப்பி ஆற்றுப் படுகை வழியாக வடகிழக்கு மெக்சிக்கோ வரையிலும், புளோரிடாவிலும் இயற்கையாக வாழ்வது. பெயருக்கேற்ற பெருவாய் அதற்கு: மேற்றாடை கண்ணையும் கடந்து பின்னே நீளும். நீர்ப்பூண்டுகளின் ஓரத்திலோ, அமிழ்ந்து கிடக்கும் மரத்தின் அடியிலோ அசையாது மறைந்திருந்து, அவ்வாயுள் அடங்கக்கூடியது எதுவாயினும், சிறுமீனோ தவளையோ நண்டோ நீர்ப்பறவைக் குஞ்சோ, பாய்ந்து விழுங்கிவிடும். ஆழமற்ற நீரிற் குழி பறித்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காப்பது ஆண்மீனின் கடமை. தன் ஊரில் இது யாருக்கும் எதிரியன்று; அங்குள்ள ஏனைய உயிர்கள் அதனோடு நெடுங்காலம் பழகி, அதற்குத் தப்பி வாழும் வழிகளைக் கற்றவை.

அந்நாட்டு ஏழைகளும் இம்மீனை நன்கு அறிவர். 1932ஆம் ஆண்டு யூன் 2ஆந் திகதி, ஜோர்ஜியா மாநிலத்து மொன்ற்கொமெரி ஏரியில், ஜோர்ஜ் பெரி என்னும் இளம் விவசாயி 22 இறாத்தல் 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் ஒன்றைப் பிடித்தார். உலக சாதனையாக இன்றுவரை போற்றப்படும் மீன் அது. பொருளாதார மந்தம் ஏழைகளின் அடுப்பை அணைத்துக்கொண்டிருந்த காலம். பெரி என்ன செய்தார்? மீனை நிறுத்தார், பின் வீட்டுக்குக் கொண்டுபோனார், குடும்பம் அதைச் சமைத்து உண்டது. சாதனை மீன் சட்டிக்குள் போனதை எண்ணி இன்றைய தூண்டில் விளையாட்டு இரசிகர்கள் பெருமூச்சு விடக்கூடும். எனக்கோ, அந்த மீனின் வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க நிகழ்ச்சி அதுவே என்று தோன்றுகிறது. அந்த ஏரியில் அன்று மீனும் மனிதனும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவர்களாக இருந்தனர்.

பின்னர் நிலைமை மாறிற்று. 1960களின் பிற்பகுதியிலிருந்து பாஸ் பிடித்தல் போட்டியாகவும், போட்டி பெரும் வியாபாரமாகவும் வளர்ந்தது. வேகப் படகுகள், மீன் நிற்குமிடத்தைத் திரையிற் காட்டும் எதிரொலிக் கருவிகள், மென்பிளாஸ்திக்கிற் செய்த பொய்ப்புழுக்கள், பொய்த் தவளைகள் என ஒரு கைத்தொழிலே அதைச் சுற்றி எழுந்தது. ரே ஸ்கொட் என்பவர் தொடங்கிய பாஸ் தூண்டிற்காரர் சங்கம், 1972 முதல், பிடித்த மீனை உயிரோடு திருப்பி விடும் வழக்கத்தைப் போட்டிகளிற் பரப்பியது. வழிகாட்டியோடு செல்லும் பயணம் இவ்வியாபாரத்தின் ஒரு கிளை. மீன் எங்கே பதுங்கும், எப்பருவத்திற் கரையை நாடும், எந்நேரத்தில் இரை தேடும் என்பன யாவும் வழிகாட்டியின் அறிவு. விடியுமுன் படகைச் செலுத்துபவன் அவன்; தூண்டிலைப் பூட்டிக் கொடுப்பவன் அவன்; கொளுவிய மீனைப் பக்குவமாக உள்ளே எடுப்பவனும் அவனே. விருந்தாளி எறிகிறான், சுருட்டுகிறான், படம் எடுத்துக்கொள்கிறான். அமெரிக்க ஏரியில், அமெரிக்க மீனை, அமெரிக்கர் தமக்குள் இவ்வாறு விளையாடிக்கொள்வது அவர்களுடைய விடயம். ஆனால் அவ்விளையாட்டு அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. விளையாட்டுக்காரன் போகுமிடமெல்லாம் அவனுக்குப் பழகிய மீனும் இருக்க வேண்டுமென்று வியாபாரம் விரும்பியது. அங்கேதான் அத்தித்லானின் கதை தொடங்குகிறது.

அத்தித்லான், குவாத்தமாலாவின் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1560 மீற்றர் உயரத்தில் உள்ள ஏரி. பண்டைய பேரெரிமலை வெடித்துக் குழிந்த பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டானது. 300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. தென்கரையில் மூன்று எரிமலைகள் நிற்கின்றன. கரையெங்கும் மாயா இனத்தைச் சேர்ந்த சுதுகில், கச்சிக்கேல் மக்களின் ஊர்கள். மரத்தைக் குடைந்து செய்த சிறு தோணிகளில் இம்மக்கள் ஏரியிற் சென்று, கரையோரத்துச் சிறுமீன்களையும் நன்னீர் நண்டுகளையும் பிடித்தனர். கரையில் அடர்ந்து வளர்ந்த கோரையை அறுத்துப் பாய் இழைத்தனர். நம் நாட்டிற் பன் அறுத்துப் பாய் இழைக்கும் மக்களைக் கண்டவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சோளமும் அவரையும் நிலம் தந்தது. மச்சத்தை ஏரி தந்தது. மேட்டுநிலத்து ஏழை விவசாயிக்கு இறைச்சி எட்டாப் பொருள். ஏரியின் சிறுமீனும் நண்டுமே அவன் பிள்ளைகளின் உடலில் தசையாயின.

1950களின் பிற்பகுதியில் இந்த ஏரியின்மீது வேறு கண்கள் விழுந்தன. அழகிய நீர், இதமான சுவாத்தியம், ஐக்கிய அமெரிக்காவிலிருந்து சில மணிநேர விமானப் பயணம். உல்லாசப் பிரயாணிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒன்றுதான் குறை: தூண்டில் விளையாட்டுக்கு ஏற்ற பெரிய மீன் ஏரியில் இல்லை. பான் அமெரிக்கன் விமானக் கம்பனி அக்குறையை நீக்க விரும்பியது, ஆட்சியிலிருந்தோர் இணங்கினர். 1958இல் பெருவாய்ப் பாஸ் குஞ்சுகள் அத்தித்லானில் விடப்பட்டன.

இணங்கியோர் யாரென்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பெருந்தோட்டங்களிற் பயிரிடாது கிடந்த நிலத்தை நிலமற்ற உழவருக்குப் பகிர்ந்தளிக்க 1952இற் சட்டம் செய்தது ஆர்பென்ஸின் அரசு. ஐக்கிய அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டோடு அவ்வரசு 1954இற் கவிழ்க்கப்பட்டது. பகிர்ந்த நிலம் பறிக்கப்பட்டது. நிலத்துக்கு நேர்ந்தது அது. நான்கு ஆண்டுகளின் பின் நீருக்கு நேர்ந்தது இது. நிலம் யாருக்கு என்று உழவனைக் கேளாத ஆட்சி, ஏரி யாருக்கு என்று தோணிக்காரனைக் கேட்டிருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்?

விளைவு விரைவிலேயே வந்தது. இத்தகைய வேட்டை மீனை அதுவரை கண்டறியாத சிறுமீன்கள் தப்பும் வழி அறியாது அழிந்தன. ஏரியின் பழைய மீன்வகைகளுட் பெரும்பாலானவை மறைந்தன, நண்டுகள் அருகின. தோணிக்காரனின் சிறு தூண்டிலும் பொறியும் வெறுமனே திரும்பின. அப்பெருவாய் மீனோ அவனுடைய பழைய கருவிகளுக்குள் எளிதில் அகப்படுவதாயில்லை. நீருள் மூழ்கி ஈட்டியால் எய்து பிடிக்கும் புதிய தொழிலைச் சில இளைஞர் கற்றனர். பிடித்ததை ஹோட்டல்களுக்கு விற்றனர். எல்லோர் வீட்டுச் சட்டிக்கும் எட்டிய உணவு போய், சிலர் மாத்திரம் பிடித்துச் சிலர் மாத்திரம் உண்ணும் பண்டம் வந்தது. ஏரியில் மீன் குறைந்தது என்று கணக்கெழுதினால் அது முழு உண்மையாகாது. ஏழையின் மீன் போய்ப் பணக்காரனின் மீன் வந்தது என்பதே உண்மை.

மனிதரோடு பறவையும் சேர்ந்து பட்டினி கிடந்தது. அத்தித்லானைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீர்ப்பறவை ஒன்று அங்கு வாழ்ந்தது. நம் குளங்களிற் காணும் முக்குளிப்பானின் உறவு. ஆனால் உருவிற் பெரியது. பறக்கும் வலிமை அற்றது. அவ்வூர் மக்கள் அதனைப் 'பொக்' என்று அழைத்தனர். கோரைக்குள் கூடு கட்டி, சிறுமீனையும் நண்டையும் உண்டு வாழ்ந்த அப்பறவைகள், 1960இல் ஏறத்தாழ 200 இருந்தன. 1965இல் ஏறத்தாழ 80. அவற்றின் உணவைப் பாஸ் தின்றது, குஞ்சுகளையும் தின்றது. ஆன் லபஸ்ரில் என்னும் அமெரிக்கப் பெண் ஆராய்ச்சியாளர் தம் வாழ்வின் பல ஆண்டுகளை இப்பறவையைக் காக்கச் செலவிட்டார். அவர் முயற்சியால் 1970களில் எண்ணிக்கை மீண்டும் 200ஐத் தாண்டியது. ஆனால் 1976இன் பெருநிலநடுக்கத்தின் பின் ஏரியின் நீர்மட்டம் இறங்கி, கோரைக் காடுகள் வறண்டன. பறவைகளைக் காத்து நின்ற காவலர் 1982இல், உள்நாட்டுப் போரின் நடுவே, கொல்லப்பட்டார். 1983இல் எஞ்சியவை முப்பதளவே. 1980கள் முடியுமுன் பொக் இனம் உலகிலிருந்து அற்றுப்போயிற்று.

பாஸ் ஒன்றே அப்பறவையை அழித்தது என்று கூறின் அது உண்மைக்கு மாறாகும். நிலநடுக்கம் உண்டு, போர் உண்டு, பாய்க்காகக் கோரையை அளவின்றி அறுத்தமையும் உண்டு, கோடை மாளிகை கட்டுவோர் தமக்குக் கரை வேண்டுமெனக் கோரையை வேரோடு களைந்தமையும் உண்டு. எனினும் நிலநடுக்கம் வருமுன்பே, ஐந்து ஆண்டுகளுக்குள், பறவைகளிற் பாதிக்கு மேல் மறைந்துவிட்டன என்பதை மறத்தலாகாது. மீனை விட்டவர்களும் மாளிகை கட்டியவர்களும் ஒரே எண்ணத்தின் பிள்ளைகள். ஏரி என்பது வந்து போவோரின் பொழுதுபோக்குக்கு உரிய இடம். அங்கு வாழ்வோர் அக்காட்சியின் ஓரத்து உருவங்கள். இதுவே அவ்வெண்ணம். பிரசுரத்துப் படத்தில் வழிகாட்டி ஓரத்தில் நிற்பது தற்செயலன்று.

தமிழ் படித்தவர்களுக்கு இதனைப் புரிந்துகொள்வது கடினமாயிருக்க முடியாது. நம் பழைய இலக்கணம் நிலத்தை வெறும் மண்ணாகவும் நீராகவும் கொள்ளவில்லை. ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் வகுத்தபோது, அந்நிலத்து உணவையும் மரத்தையும் பறவையையும் மக்களின் தொழிலையும் ஒரே வரிசையில் வைத்தது. இவற்றை நாம் பரீட்சைக்காக மனனஞ் செய்து மறந்துவிடுகிறோம். அத்தித்லானில் உணவு போயிற்று, உணவோடு பறவை போயிற்று, தொழில் போயிற்று. கருப்பொருள் என்பது செய்யுளுக்கு அழகு சேர்க்கும் பட்டியலன்று, ஒன்றை உருவினால் மற்றவையும் சரியும் கட்டு என்பதை ஓர் அந்நிய ஏரி எனக்குக் கற்பித்தது. பதினைந்து ஆண்டுகளாக இப்பாடத்தை வகுப்பிற் சொல்லிக்கொடுத்து வரும் ஆசிரியன் இதனை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டே ஆக வேண்டும்.

இனி, மறுதரப்பார் கூறுவனவற்றைப் பார்ப்போம்.

உல்லாசப் பிரயாணத்தால் உள்ளூர் மக்களுக்கு வருமானம் வருகிறதே என்பர். வருகிறது; மறுக்கவில்லை. ஒரு நாளைக்குப் படகோட்டிக் கூலி பெறும் வழிகாட்டிக்கு அப்பணம் தேவை. அதை வாங்குவதில் அவனுக்கு இழிவில்லை. ஆனால் அவனுடைய பாட்டன் விடியலில் தோணியை இறக்கியபோது யாருடைய வரவையும் எதிர்பார்த்திருக்கவில்லை. பருவம் பார்த்து வரும் விருந்தாளியின் தந்தியோ கடிதமோ அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. தொலைதேசத்திற் பங்குச் சந்தை சரிந்தாலும், உள்நாட்டிற் போர் மூண்டாலும், கொள்ளைநோய் பரவினாலும் விருந்தாளி வரமாட்டான். 2020இல் உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்றபோது, உல்லாசப் பிரயாணத்தை நம்பிய ஊர்கள் எவ்வாறு தவித்தன என்பதை இந்நாட்டவர் நாமும் கண்டோம். முன்பு அவனுக்கு எசமான் இல்லை, இப்போது உண்டு. இழப்பை நாம் கூலியால் மட்டும் அளந்தால், இந்த வேறுபாடு கணக்கில் வராமலே போய்விடும்.

பிடித்த மீனைக் கொல்லாது திருப்பி விடுகிறோமே, இதைவிடக் கருணை உண்டோ என்பர். கருணை யார்மீது என்று கேட்க வேண்டும். விழுங்குவதற்கென்றே கொண்டுவந்து விட்ட மீனை, முள்ளிலிருந்து கழற்றி, முத்தமிட்டு, மீண்டும் அதே நீரில் விடுவது விழுங்கும் மீனுக்குக் கருணை, விழுங்கப்படுவனவற்றுக்கு என்ன? பெரியின் குடும்பம் அம்மீனை உண்டது. உண்ணத் தேவையில்லாதவனுக்குத்தான் திருப்பி விடுதல் எளிது. அவன் பசி வயிற்றிலன்று, படக்கருவியில் இருக்கிறது.

பின்னர் வருவது, குவாத்தமாலா ஏழை நாடு, நல்ல திட்டமும் சட்டமும் இருந்தால் இவ்வாறு நேராது என்னும் வாதம். அப்படியாயின் செல்வமும் சட்டமும் நிறைந்த யப்பானைப் பார்ப்போம். 1925இல் அங்குள்ள அஷி ஏரியிற் பாஸ் முதன்முதலாக விடப்பட்டது. 1970களில் அது நாட்டின் மிகப் பெரிய ஏரியும் மிகப் பழையதுமான பிவாவிலும் தலைகாட்டிற்று. தூண்டில் விளையாட்டு அங்கே பெரும் மோகமாயிற்று. வழிகாட்டிகளும் படகுக் கடைகளும் பெருகின. பிவாவுக்கே உரிய நிகொரோபுனா என்னும் கெண்டையினத்து மீனைச் சோற்றில் ஊறவைத்துப் புளிக்கச் செய்யும் பழம்பெரும் உணவு அக்கரை மக்களுக்கு உண்டு. அந்த மீன் அருகி, அந்த உணவு ஏழைக்கு எட்டாத விலைப்பண்டமாயிற்று. வாழிடம் சிதைந்தமையும் இதற்குக் காரணம். அந்நிய மீன்களும் காரணம். பாஸுக்குத் துணையாக வந்த இன்னொரு அமெரிக்க மீன் புளூகில். 1960இல் அமெரிக்கா சென்ற முடிக்குரிய இளவரசர் அகிஹித்தோவுக்குச் சிக்காகோவில் அன்பளிப்பாகக் கிடைத்தது அது. உணவுக்குப் பயன்படுமென்ற நல்லெண்ணத்தோடு அவர் அதை நாட்டுக்குக் கொண்டுவந்தார். 2007இல், சக்கரவர்த்தியாக, பிவா ஏரிக்கரையிலுள்ள ஒற்சு நகரிலேயே பேசும்போது, அதன் விளைவுகளை எண்ணித் தம் மனம் வருந்துவதாகக் கூறினார். ஒரு சக்கரவர்த்தி மீனொன்றுக்காக வருத்தம் தெரிவித்த நிகழ்ச்சி வரலாற்றில் அரிதே.

பிவாவை உள்ளடக்கிய சிகா மாகாணம், பிடித்த பாஸையும் புளூகில்லையும் ஏரியில் மீண்டும் விடக்கூடாதென்னும் விதியை 2003இல் நடைமுறைப்படுத்தியது. விளையாட்டுக்காரர் சிலர் தம் உரிமை பறிபோவதாக வழக்குத் தொடுத்தனர், தோற்றனர். கரையிலே பிறந்து கரையிலே வாழ்ந்தவன் தன் மீனை இழந்தபோது எந்த வழக்கும் இல்லை. வார இறுதியில் வந்துபோகிறவன் தன் விளையாட்டுக்குத் தடை வந்தபோது வழக்கு மன்றம் ஏறினான். பெரியின் சாதனையை ஒத்த மீன், 2009 யூலை 2ஆந் திகதி, அதே பிவாவில், மனபு குரித்தா என்பவரின் தூண்டிலில் அகப்பட்டது. தூண்டிலிற் கொளுவிய இரை எது தெரியுமா? உயிருள்ள புளூகில் ஒன்று. பிவாவின் நீரில், ஓர் அந்நிய மீனை இரையாகக் கொண்டு இன்னோர் அந்நிய மீன் பிடிபட்டது. உலகம் கைதட்டியது. ஏரியின் சொந்த மீனுக்கு அக்கதையில் இடமேயில்லை.

ஆபிரிக்காவிலும் இதே கதைதான். கென்யாவின் நைவாஷா ஏரியிற் பாஸ் விடப்பட்டது 1920களின் பிற்பகுதியில். வெள்ளைக் குடியேற்றக்காரரின் பொழுதுபோக்குக்காக. அவ்வேரிக்குரிய சிறுமீன் ஒன்று 1960களின் பின் காணப்படவில்லை. உலகின் மிகக் கொடிய அந்நிய உயிரினங்கள் நூறு என இயற்கை பேணும் சர்வதேச அமைப்பார் தொகுத்த பட்டியலிற் பெருவாய்ப் பாஸும் ஒன்றாக இடம்பெற்றிருப்பது வியப்பன்று. மீனுக்கு அதில் அவமானமில்லை. அதைக் கொண்டு திரிந்தவர்களுக்கே அவமானம்.

நம் நாட்டுக்கும் இப்பாடம் புதிதன்று. 1880களில் ஆங்கிலத் துரைமார் நுவரெலியாவின் குளிரோடைகளில் ட்ரவுட் மீனை விட்டனர். தம் தாய்நாட்டின் ஓய்வுநேர இன்பத்தை மலைநாட்டில் மீண்டும் காணும் விருப்பம் அவர்களுக்கு. அதற்கெனச் சங்கமும் 1896இல் அமைந்தது. அதே மலைச்சரிவில், அதே ஓடைகளின் கரையில், லயன் அறைகளில் முடங்கிக் கிடந்த தோட்டத் தொழிலாளியின் சட்டிக்காக எந்தத் துரையேனும் ஒரு குஞ்சு மீனைக் கப்பலேற்றினானா?

ஆனால் 1952இல் இன்னோர் அந்நிய மீனும் இந்நாட்டுக்கு வந்தது. திலாப்பியா. அது வந்தது மக்களின் உணவுக்காக. குளங்களிற் பெருகிற்று, வலைக்காரனுக்கு அகப்பட்டது, உள்நாட்டுச் சந்தைகளில் ஏழை வாங்கக்கூடிய விலைக்கு வந்தது, கடலைக் காணாத ஊர்களின் சோற்றுக் கோப்பையிலும் மச்சம் சேர்ந்தது. அதனாலும் நம் சொந்தக் குளத்து மீன்களுக்குக் கேடு இல்லாமற் போகவில்லை. அதையும் ஆராய்ந்தே பேச வேண்டும். எனினும் இரண்டு மீன்களின் வரவுக்கும் பின்னால் இருந்த வினா வேறு. ஒன்றைக் கொண்டுவந்தோர், மக்கள் எதை உண்பர் என்று கேட்டனர். மற்றதைக் கொண்டுவந்தோர், நாம் எதைப் பிடித்து விளையாடலாம் என்று கேட்டனர். எந்தத் திட்டத்தையும் எடைபோட இந்த வினாவே தராசு.

என் மாணவன் கேட்பது இரண்டாவது வினா. அவன் சொல்லும் குளத்தில் இன்றும் திலாப்பியா பிடித்துச் சைக்கிளிற் கட்டி விற்கும் குடும்பங்கள் உள்ளன. விறாலும் உழுவையும் சுங்கானும் அங்கு உண்டு. மாலையிற் பிள்ளைகள் கரையிலிருந்து தூண்டில் போடுவதை நான் கண்டிருக்கிறேன். பிடித்ததைத் தாயிடம் கொண்டு ஓடுவார்கள். அந்த நீருக்குள் ஒரு பெருவாயை இறக்கிவிட்டு, பத்தாண்டுகளின் பின் அதே பிள்ளைகளுக்குப் படகோட்டும் வேலை தருவோம் என்பது எவ்வகை முன்னேற்றம்? அவர்கள் தம் குளத்தை யாரையும் விட நன்கறிவர். எங்கே ஆழம், எங்கே தாமரை, எங்கே மரக்கட்டை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வர். அவ்வறிவு அவர்களின் சட்டியை நிரப்பியது போய், பிறனொருவனின் படக்கருவியை நிரப்புவதே வழிகாட்டல் என்றால், அந்த வழி எங்கே செல்கிறது என்று கேட்கும் கடமை நமக்குண்டு.

அவன்மீது எனக்குக் கோபமில்லை. படித்த இளைஞன் ஒருவன், தன் ஊரின் நீரை அந்நியனின் விளையாட்டுக்கு விற்பதைத் தவிர வேறு பிழைப்பு வழி காணாமல் நிற்பது அவன் குற்றமன்று. அவனுக்கு வேலை தராத சமுதாயத்தின் குற்றம். ஆகவே அவனை வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனமில்லை. வெளியார் வருவதாயின் வரட்டும். குளக்கட்டில் நின்று நம் பறவைகளைப் பார்க்கட்டும். மீன்பிடிப்போர் சங்கம் விதிக்கும் கட்டணத்தைச் செலுத்தி, அவர்கள் வகுக்கும் எல்லைக்குள், நம் குளத்தில் உள்ள மீனுக்கே தூண்டில் போடட்டும். பிடித்ததை அக்கரையிலேயே சமைத்து, அக்கரை மக்களோடு இருந்து உண்ணட்டும். குளத்தை அவர்களுக்கேற்ப மாற்றுவதை விடுத்து, அவர்கள் குளத்துக்கேற்ப வரட்டும். எந்தப் புதிய உயிரும் நீரில் இறங்குமுன் அந்நீரால் வாழ்பவர்களின் சம்மதம் வேண்டும். அறிஞரின் ஆராய்ச்சி மீன் இறங்குமுன் வரவேண்டும். பறவை அழிந்தபின் அன்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் மொழிபெயர்ப்பை வாங்க வருவான். பிரசுரத்தை அவனிடமே திருப்பிக் கொடுத்து, இக்கட்டுரையையும் கொடுப்பேன். பின் இருவருமாக அந்தக் குளக்கட்டுக்குச் சென்று, வலைக்காரர் சிலரோடு இருந்து, இத்திட்டத்தை அவர்கள் முன் வைப்போம். அத்தித்லானில் 1958இல் யாரும் செய்யாதது அதுதான்.